வயிற்றுக்குள் மதினி

என் இடது கிட்னியை எடுத்து என் வீட்டுக்காரருக்கு வைத்துத் தைத்த நாற்பத்தோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவருடைய வயிற்றின் வலதுபக்கம் தையல் போட்ட இடத்திலிருந்து "யாரு இது?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டது என்றால் ஏதோ பிரமைபோல இல்லை. பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சீனியம்மா, உன் நாத்தனார் எப்ப வந்தாக? நேத்து வரைக்கும் காணலையே" என்று விசாரிக்கிற அளவுக்குக் கேட்டது.

அது அப்படியே ஆவுடை மதினியின் குரல். மதினி என்றால் அவருடைய கூடப்பிறந்த அக்கா, எட்டயபுரத்தில் கட்டிக்கொடுத்தவர், இருபத்தாறு வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாசலில் யாரோ விலாசம் கேட்டு வந்து நிற்பதுபோலப் பார்ப்பவர். அந்தப் பார்வைக்கு ஒரு குரல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த "யாரு இது?"

என் வீட்டுக்காரர் தவசிலிங்கம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். கோவில்பட்டியில் கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக் செட் போடுகிறவர் அவர். எந்தச் சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் தொழில் என்பதால் அவர் பதறவில்லை. "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் இரண்டு இட்லி கூடுதலாக வைக்கச் சொன்னார்.

பதறுவது என் வேலை. காஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா, அவருக்கு எட்டு மணி மாத்திரையை எட்டுக்குக் கொடுத்தேனா எட்டரைக்கா என்று பதறிக்கொண்டே இருப்பவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதால், தெரிந்ததற்குப் பயப்படுவதோடு தெரியாததற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் ஆனவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஜெசிந்தா சிஸ்டர்தான் எடுத்தார்.

"பேச ஆரம்பிச்சிருச்சா?" என்றார், பால் பொங்கிவிட்டதா என்று கேட்பதுபோல. "என்ன கேக்குது? யாருன்னு மட்டும்தானே? ஒரு குரலா, ரெண்டு குரலா?"

"ஒண்ணுதான் சிஸ்டர்."

"அப்பப் பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி விளக்கமாகவும் சொன்னார். ரத்தத்துக்குள் காவலாட்கள் கோடிக்கணக்கில் சுற்றுகிறார்களாம். ஒவ்வொரு ஆளும் ஒரு வீடு மாதிரியாம். வாசலில் ஒருத்தி நின்றுகொண்டு எதிர்ப்படுகிறவர்களின் முகத்தைத் தடவிப் பார்ப்பாளாம், தெரியாத முகமாக இருந்தால் "யாரு இது?" என்பாளாம். ஆனால் அவள் ஒருத்தி கேட்டால் ஒன்றும் நடக்காதாம். பக்கத்தில் இன்னொரு வாசலில் நிற்கிறவள் "ஆமா, ஏதோ வம்புதான்" என்று ஒத்து ஊத வேண்டுமாம். அது வராவிட்டால் முதலாமவள் கேட்டுக் கேட்டு அலுத்து, நின்ற இடத்திலேயே உறங்கிப்போவாளாம்.

"ஒத்து ஊதிட்டா?"

"உள்ளே சேதி கைமாறும்மா. வாசல்ல நிக்கிறவ காலில் ஒருத்தன் முத்திரை குத்துவான். அந்த முத்திரையைப் பார்த்து இன்னொருத்தன் ஓடி வந்து பிடிச்சுக்குவான், அவன் மேலயும் முத்திரை விழும். அவன் போய்ச் சுவரோரம் கிடக்கிற பாயில் குத்துவான். பாயில் நாலு பேர் வந்து கூடுவாங்க. கூடினதும் சுண்ணாம்புத் தொட்டியைத் திறந்துவிடுவாங்க. அந்தத் தண்ணி பாய்ஞ்சதும், கால்ல கட்டுப் போட்டு உக்காந்திருக்கிற ஓட்டக்காரனோட கட்டை ஒருத்தன் அவிழ்த்துவிடுவான். ஓட்டக்காரன் உள்வீட்டுக்குள்ள பாய்ஞ்சு, 'கிளம்புங்க எல்லாரும், ஆளைப் பெருக்குங்க'ன்னு சொல்லிட்டா, அப்புறம் உங்க கிட்னியைச் சுத்தி வளைச்சிருவாங்க. நாங்க குடுக்கிற மாத்திரை அந்தக் கட்டு அவிழ்க்கிறவனோட கையைப் பிடிச்சு வச்சிருக்கு. நேரம் தவறாமக் குடுங்க. கூட்டத்துக்குள்ள விடாதீங்க. காய்ச்சல் மட்டும் வந்துறக்கூடாது. காய்ச்சல் வந்தா ஒத்து ஊத ஆள் வந்துரும்."

இதை நான் வளவில் சொன்னேன். எங்கள் வளவு என்பது எட்டு வீடு, ஒரு குழாய், ஒரு வேப்பமரம், ஒரே வாசல். எட்டு வீட்டுக்காரர்களும் கேட்டுவிட்டு, நல்ல விஷயம்தான் என்று தலையை ஆட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் அது வளவின் சட்டமாகவே ஆகிவிட்டது. யார் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் இரண்டாவது ஆள் "ஆமா" என்று சொல்லக்கூடாது, சொன்னால் தவசிலிங்கத்தின் வயிற்றுக்குள் இருப்பவர்கள் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள் என்று ஏற்பாடு. குழாயடியில் "என் குடத்தைத் தள்ளி வச்சது யாரு?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், "அதானே" என்று சொல்ல ஆளில்லாமல் நின்று பார்ப்பாள், தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். இரண்டு மாதத்தில் எட்டு வீட்டிலும் பேச்சே இல்லாமல், அம்மிச் சத்தமும் டிவிச் சத்தமும் மட்டும் கேட்டன. செண்பகம் அக்காவுக்கு வயிறு உப்பிக்கொண்டு, சாயங்காலமானால் அடுத்த தெருவுக்குப் போய் இரண்டு சண்டையில் நின்று "ஆமா ஆமா" என்று ஆசை தீரச் சொல்லிவிட்டு வந்தபிறகுதான் சோறு இறங்கியது.

வயிற்றுக் குரலோ விடிந்ததும் ஒரு தரம், மாத்திரைக்கு முன்னால் ஒரு தரம், அந்தி விளக்கேற்றும்போது ஒரு தரம் "யாரு இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பால்காரர் அதை வைத்து மணி பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில், கிட்னியின் நிலவரம் காட்டும் கிரியாட்டினின் அளவு ஒன்று புள்ளி ஒன்று, நல்ல அளவு என்று வந்தது. நான் அதற்கும் பயந்தேன். புள்ளிக்கு அந்தப்பக்கம் ஏன் ஒன்று?

விஷயம் எட்டயபுரத்துக்குப் போனது. ஆவுடை மதினி வந்து, தம்பியின் சட்டையைத் தூக்கி, காதை வைத்துத் தன் குரலைத் தானே கேட்டார். முதலில் முகம் சுருங்கியது. பிறகு மெதுவாக ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது.

"பாத்தியாட்டி? ரத்தம்னா ரத்தம்தான். உள்ள இருந்தும் நான்தான் கேக்கேன்."

"ஆமா மதினி" என்று சொல்ல வாய் வந்து, சட்டம் ஞாபகம் வந்து, மூடிக்கொண்டேன்.

"அது சும்மாவா கேக்குது? முறை செய்யாம வந்த பொருளு. உன்னைப் போலவே."

கயத்தாறு பக்கம் எங்கள் ஊர்க் கொடைக்கு மைக் செட் போட வந்தவர் என்னைப் பார்த்து, பிடிவாதமாகக் கட்டிக்கொண்டார். மதினி தன் வீட்டுக்காரரின் தங்கச்சியைத் தம்பிக்குப் பேசி வைத்திருந்ததால், கல்யாணத்துக்கு வந்தும் சாப்பிடாமல் போனார், மறுவீட்டுக்கு அழைக்கவும் இல்லை. நாத்தனார் ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிடாமலே நான் அந்த வீட்டுக்குள் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இப்போது மதினியே சொன்னார், அந்தக் கிட்னிக்கு மறுவீடு செய்துவிட்டால் குரல் அடங்கிவிடும் என்று.

மறுவீடு என்றால் கூட்டம். ஜெசிந்தா சிஸ்டர் கூடாது என்று சொன்னதைச் சொன்னேன். "நர்சுப் பிள்ளைக்கு முறை தெரியுமா?" என்றார் மதினி. மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எனக்குக் கிடைக்காத ஆரத்தி என் உடம்பின் ஒரு துண்டுக்காவது கிடைக்கட்டுமே என்று ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளவு முழுக்கப் பந்தல். கயத்தாற்றிலிருந்து என் அண்ணன்மார் வெற்றிலை பாக்கு, சீனி, வாழைப்பழம், ஒரு வேட்டி, கிட்னிக்கென்று கைக்குட்டை அளவில் ஒரு பட்டுத்துண்டு என்று ஒன்பது தட்டு கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் தன் மைக்கைத் தானே எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாலு ஒலிபெருக்கிக் குழாயிலும் "யாரு இது?" என்று ஊருக்கே கேட்டது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் தங்கள் பெயரைச் சொன்னதாக அப்புறம் பேசிக்கொண்டார்கள்.

மதினி மஞ்சள் தண்ணீர்த் தட்டோடு வந்து, அவர் வயிற்றுக்கு நேராகக் குனிந்து, மூன்று சுற்றுச் சுற்றி, "வலது காலை எடுத்து வச்சு..." என்று ஆரம்பித்து, கிட்னிக்கு ஏது கால் என்று ஒரு நொடி நின்றார். அந்த நொடியில் அவருடைய மூக்கு நடுங்கியது. கண் செருகியது. தட்டு ஆடியது. பிறகு அடித்தார் பாருங்கள் ஒரு தும்மல். நாலு குழாயிலும் இடி இடித்தது. வேப்பமரத்துக் காக்கையெல்லாம் எழுந்து போனது. தையல் போட்ட இடம் முழுக்க ஈரம்.

"நல்ல சகுனம்" என்றார் மதினி, முந்தானையால் துடைத்துக்கொண்டே. இரட்டைத் தும்மலாக இருந்தால்தான் நல்ல சகுனம் என்று செண்பகம் அக்கா சொன்னாள். உடனே மதினி இன்னொன்றும் போட்டார்.

புதன்கிழமை மதியம் அவருக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. நான் ஈரத்துணியை நெற்றியில் போடக் குனிந்தபோது வயிறு கேட்டது, "யாரு இது?" வழக்கம்போல ஒரு மௌனம். பிறகு, முதுகுப்பக்கத்திலிருந்து, சளி பிடித்த, கனத்த, வேறொரு குரல்: "ஆமா, யாரு இது?"

ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். வளவில் எட்டு வீட்டு டிவியும் ஒரே நேரத்தில் நின்றன.

போனில் ஜெசிந்தா சிஸ்டர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கிளம்புங்க." வாடகைக் கார் வந்தது. அவரைப் பின்சீட்டில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்தேன். தம்பிக்கு உடம்பு எப்படி என்று பார்க்க வந்திருந்த மதினி, யாரும் கூப்பிடாமலே அந்தப்பக்கக் கதவைத் திறந்து அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நூறு கிலோமீட்டர். எங்களுக்கு முன்னால் லாரிகள், அவருக்குள்ளே சேதி, இரண்டில் எது முந்தும் என்பதுதான் கணக்கு. சாத்தூர் தாண்டும்போது வயிற்றுக்குள் 'டக்' என்று தபால் ஆபீசில் குத்துவதுபோல முதல் முத்திரை விழுந்தது. நாலு மைல் போவதற்குள் இரண்டாவது. "லெவல் ஏறுது சீனி" என்றார் அவர் காய்ச்சலில். "மைக்கும் பெட்டியும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டா ஊளைதான். ஒண்ணைத் திருப்பி வையி."

"அன்னைக்கே மூக்கு ஒழுகுச்சுட்டி" என்றார் மதினி திடீரென்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "சொன்னா ஆரத்தி எடுக்க விடமாட்டீகளோன்னு மறைச்சுட்டேன்."

அதுவரைக்கும் நான் மதினியைச் சத்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "என்கிட்ட இனிமே குடுக்க ஒண்ணும் இல்ல மதினி" என்று கத்தினேன். "இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதையும் குடுத்தா இவருக்குச் சோறு பொங்க யார் இருக்கா? இது போச்சுன்னா மறுபடியும் வாரத்துக்கு மூணு நாள் அந்த மிசினு, அந்த ஊசி, அந்த வீங்கின முகம். அதை நீங்களா பாத்தீங்க? நான்தான் பாத்தேன்."

டிரைவர் ரேடியோவை அணைத்தார். விருதுநகரில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. அதில் ஆட்கள் வந்து உட்கார்கிற சத்தமும்.

மதினி தம்பியின் சட்டையை விலக்கி, வயிற்றைப் பார்த்து, "ஏ கழுதை, வாயை மூடு!" என்றார்.

"யாரு இது?" என்றது உள்ளேயிருந்து மதினியின் குரலே.

"ஆமா, யாரு இது?" என்றது சளிக்குரல். தொட்டி திறந்து, சுண்ணாம்புத் தண்ணீர் களகளவென்று பாய்ந்தது.

"என் குரலே என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதே" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து, வாயை வயிற்றில் வைத்து, "சீனியம்மா யாருன்னுதான கேக்க? நான் சொல்லுதேன், கேளு" என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்தார் என்றால், இருபத்தாறு வருஷத்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். கல்யாணத்தன்று நான் தலையைக் குனியாமல் நின்றதை, தலைத் தீபாவளிக்கு மதினிக்கு எடுத்த சேலையில் கரை சிறுத்துப்போனதை, என் குழம்பில் புளி தூக்கலாக இருந்ததை, மகளை ஓசூரில் கட்டிக்கொடுக்கும்போது தன்னைக் கேட்காததை, அவருக்கு உடம்பு முடியாமல் போனபிறகு நான் உப்பில்லாமல் சமைத்து, கூட உட்கார்ந்து நானும் உப்பில்லாமல் தின்று, வந்த விருந்தாளியான மதினிக்கும் உப்பில்லாமலே போட்டதை, டயாலிசிஸ் அறை வாசலில் மூன்று வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நல்லது கெட்டதுக்கும் எட்டயபுரம் வராமல் இருந்ததை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல், ஏற்ற இறக்கத்தோடு, கைவீச்சோடு சொன்னார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. மாத்திரையின் பிடியையும் மீறிக் கட்டு அவிழ்ந்த ஓட்டக்காரன் தடதடவென்று ஓடி வந்தது கேட்டது, உள்வீட்டு நிலைப்படியில் ஒரு கால் வைத்த சத்தமும் கேட்டது, ஆனால் இன்னொரு கால் விழவில்லை. வம்புப் பேச்சு காதில் விழுந்தால் எவன்தான் அவசரமாகப் போவான்?

"பெறவு?" என்றது வயிறு.

"பெறவா? சொல்லுதேன் கேளு" என்றார் மதினி. திருமங்கலம் வரைக்கும் சொன்னார். எங்கே இரண்டு நொடி மூச்சு வாங்கினாலும் உள்ளே அந்த இன்னொரு கால் தூக்குகிற சத்தம் கேட்டது.

மதுரை எல்லையில் வண்டிகள் நெரிசலில் நின்றுவிட்டன. மதினியிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. குரல் கரகரத்துப்போய், வியர்த்து, என் கையைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி, வேற ஏதாவது தப்புப் பண்ணியிருக்கியா? சீக்கிரம் சொல்லு, நிக்கான் அவன்!"

நான் குனிந்து அவர் வயிற்றில் சொன்னேன். மதினி வருகிற அன்றைக்கு வேண்டுமென்றே குழம்பில் காரம் கூட்டினேன் என்று சொன்னேன். காணாமல்போனதாக மதினி அழுத வெள்ளிக் குங்குமச்சிமிழ் கிணற்றில் விழுந்தது என் கையிலிருந்துதான் என்று சொன்னேன். மதினியின் போன் வந்தால் என் வீட்டுக்காரர் குளிக்கிறார் என்று சொல்லுவேன், ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்திருக்கிறார் என்று சொன்னேன்.

"பெறவு?"

"கிட்னி குடுக்கணும்னு டாக்டர் கேட்டப்ப, மூணு நாள் வாயைத் திறக்கல. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு பொய் சொல்லிரலாமான்னு நினைச்சேன். ஆபரேஷன் மேசையில படுத்தப்பவும் நினைச்சேன்."

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

"பெறவு?" என்றது வயிறு, மெதுவாக.

சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கால் தூக்குகிற சத்தம் கேட்டது. அப்போது மதினி பேசினார். குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான் வந்தது.

"அவன் குரூப்பும் என் குரூப்பும் ஒண்ணுதான். எனக்குத் தெரியும். என்னையும் ரத்தம் டெஸ்டுக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு தரம் போன் போட்டாக. ரெண்டு தரமும் நான் குளிக்கேன்னு சொல்லச் சொல்லிட்டேன்."

யாரும் "பெறவு?" என்று கேட்கவில்லை. வயிறும் கேட்கவில்லை. அந்த அமைதியிலேயே நெரிசல் விலகி, கார் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, தள்ளுவண்டி வந்து, ஜெசிந்தா சிஸ்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். "எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டார். "நிலைப்படியில ஒரு கால்" என்றேன். "நல்ல நேரம்" என்றார்.

மூன்று நாள் ஊசி போட்டார்கள். ஊசி மருந்து உள்ளே இறங்க இறங்க, பாயைச் சுருட்டுகிற சத்தம், தொட்டியை மூடுகிற சத்தம், ஓட்டக்காரனை உட்காரவைத்துக் காலைக் கட்டுகிற சத்தம், ஒவ்வொன்றாகக் கேட்டது. ஆனால் கிட்னி பிழைத்ததா என்று சத்தத்தில் தெரியாதாம். மூத்திரத்தில்தான் தெரியுமாம். முதல் நாள் ஜாடியில் தொண்ணூறு மில்லி, இரண்டாம் நாள் நூற்றைம்பது. வளவிலிருந்து மணிக்கொரு தரம் போன் வந்தது. செண்பகம் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, எட்டு வீட்டுக்கும் நடுவில் வேப்பமரத்தடியில் வைத்திருந்தாள். எண்ணைச் சொன்னதும் எட்டு வீடும் பெருமூச்சு விடுவது மதுரைக்குக் கேட்டது.

அந்தக் காரமான குழம்பைப் பற்றியோ, குளித்ததைப் பற்றியோ நானும் மதினியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மதினியால் பேசவும் முடியவில்லை. நூறு கிலோமீட்டர் பேசியதில் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. முகத்தில் மாஸ்க்கோடு, வார்டு கதவுக்கு வெளியே என் பக்கத்தில், ஒரே பெஞ்சில், ஒரே டிபன் பாக்ஸில் உப்பில்லாத சாதத்தைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் காலையில் கதவு திறந்து ஜெசிந்தா சிஸ்டர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். "ஆயிரத்து நானூறும்மா" என்றார். நான் உடனே வளவுக்குப் போன் போட்டேன். போனில் சொன்னதும் வளவில் யாரோ வெடி போட்டார்கள். கூட்டம் கூடாதே, புகை கூடாதே என்று நான் போனுக்குள் கத்தினேன், யாரும் கேட்கவில்லை.

சிஸ்டர் அதைக் கொட்டப் போனார். மதினி எழுந்து குறுக்கே கையை நீட்டி மறித்தார். ஜாடியை வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெயிலில் பிடித்து, இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பி, சேலைக் கடையில் கரை பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் கிட்டே போய் அவருடைய வாயருகில் காதை வைக்க வேண்டியிருந்தது.

"நல்ல நிறமா இருக்குட்டி" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் மதினி என்னைச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். மூத்திரத்தைச் சொன்னார் என்று செண்பகம் அக்கா இன்றைக்கும் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். அதை அவர் ரத்தத்திலிருந்து பிரித்தது யார்?